இண்டர்லோக்கை எதிர்த்த நாம் நம் பிள்ளைகளுக்கு எதைப் படிக்கக் கொடுத்தோம்?

2011-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஐந்தாம் படிவ மலாய் இலக்கியத்திற்கு அப்துல்லா உசேன் எழுதிய ‘இண்டர்லோக்’ நாவலைப் பாட நூலாக வைத்தார்கள். 1971-இல் வெளிவந்த நாவல். இந்நாட்டுக்கு வந்த இந்தியர்களைப் பற்றி அதில் எழுதப்பட்டிருந்ததும், ஒரு சாதிப் பெயரை வைத்து நம் முன்னோர்களை அடையாளம் காட்டிய விதமும் நம்மைக் கொதிக்க வைத்தன. போலீஸ் புகார் செய்தோம். மகஜர் கொடுத்தோம். ஊர்வலம் போனோம். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசாங்கம் பணிந்தது. புத்தகம் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். கண்டெய்னர் லோரி ஓட்டுகிற எனக்கு அன்று ஒரு நாள் சம்பளம் போனது. அதற்காக வருந்தவில்லை. ஆனால் அன்று இரவு வீட்டில் நடந்த ஒன்று இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அக்காள் மகன் அப்போது ஐந்தாம் படிவம். அந்தப் புத்தகம் அவன் பையில் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னிடம் கேட்டான்: “மாமா, நீங்க இதப் படிச்சீங்களா?”

“இல்லப்பா” என்றேன்.

“அப்ப நம்ம கதைய நம்ம ஆளுங்களே எழுதின புத்தகம் எது மாமா? அதயாச்சும் படிச்சிருக்கீங்களா?”

என்னிடம் பதில் இல்லை. வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது.

தமிழ்ப் பெற்றோர்களே! அந்தப் பையன் கேட்ட கேள்வி எனக்கு மட்டும் உரியதா? நம்மைத் தவறாக எழுதிய ஒரு புத்தகத்தை எதிர்த்துத் தெருவுக்கு வந்தோம். சரிதான், வரத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் வைக்க நம் கையில் ஒரு புத்தகம் இருந்ததா? ‘இதோ, இதுதான் எங்கள் கதை, இதைப் படி’ என்று நம் பிள்ளையிடமாவது கொடுத்தோமா? பிறர் எழுதியதைக் கிழிக்கத் தெரிந்த நமக்கு, நம்மவர் எழுதியதை வாங்கத் தெரியவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான். கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

ஆறு வருடம் தமிழ், அப்புறம்?

நம் பிள்ளைகள் ஏழு வயதில் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்விக்கு 2016-இல் இருநூறாண்டு விழா எடுத்தோம். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. தமிழை போதனா மொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி இந்நாட்டில் ஒன்றுகூட இல்லை. பன்னிரண்டு வயதில், கதைப் புத்தகத்தைச் சுவைத்துப் படிக்கத் தொடங்குகிற வயதில், நம் பிள்ளையின் தமிழ் வாசிப்பு அறுந்துபோகிறது.

அதற்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது? 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். கேட்டால்தான் உண்டு. பதினாலு பேர் கேட்டால் இல்லை. என் மகள் முதலாம் படிவம் சேர்ந்தபோது அந்தப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் பதினோரு பேர். கடிதம் எழுதினோம். ‘எண்ணிக்கை போதாது, ஆசிரியரும் இல்லை’ என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். எண்ணிக்கை இருக்கும் பள்ளிகளிலும் நிலைமை என்ன? வகுப்பைப் பள்ளி முடிந்த பிறகு போடுவார்கள். இரண்டு மணி வெயிலில், பசியோடு, பள்ளி பஸ் போன பிறகு. நான்கு வாரத்தில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். பிறகு, ‘உங்கள் பிள்ளைகளுக்கே ஆர்வமில்லை’ என்று நம் தலையில் பழியைப் போடுவார்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். 2000-ஆம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளிகளில் மலாய் மொழிப் பாடத்திலும் ஆங்கிலப் பாடத்திலும் இலக்கியம் கட்டாயக் கூறாகச் சேர்க்கப்பட்டது. கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் எல்லாம் உண்டு. நல்லது. நம் பிள்ளைகள் அவற்றை நன்றாகப் படிக்கட்டும். ஆனால் தமிழ் வகுப்பு கிடைக்காத பிள்ளை ஐந்து ஆண்டுகளில் பிறருடைய கதைகளை மட்டுமே படித்து வெளியே வருகிறது. தன் பாட்டன் பால்மரம் வெட்டிய கதை எந்த மொழியிலும் அதன் கண்ணில் படுவதில்லை.

தமிழ் வகுப்பு கிடைத்தாலும் செய்யுளும் பழமொழியும் மனப்பாடம், கட்டுரை, தேர்வு என்று ஓடிவிடுகிறது. எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் தனிப் பாடம். அதைக் கால அட்டவணைக்குள் வைத்து நடத்தும் பள்ளிகள் மிகக் குறைவு. நல்ல மனம் படைத்த ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் சொந்தச் செலவில் நடத்துவதால்தான் அது உயிரோடு இருக்கிறது. 2009-இல் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடங்களுக்கு மேல் கூடாது என்று அறிவித்தபோது, முதலில் கழுத்தறுபடப் போனது தமிழும் தமிழ் இலக்கியமும்தான். சமுதாயம் கொதித்து எழுந்த பிறகுதான் கூடுதலாக இரண்டு பாடங்கள் எடுக்கலாம் என்று இறங்கி வந்தார்கள்.

ஆகவே அரசாங்கத்தைத் திட்டுவதற்குக் காரணம் உண்டு. திட்டுவோம், மகஜர் கொடுப்போம், விடமாட்டோம். ஆனால் மகஜருக்குப் பதில் வருவதற்குள் என் மகள் ஐந்தாம் படிவம் முடித்துவிடுவாள். அதுவரை அவளுக்கு யார் பள்ளிக்கூடம்? நம் வீடுதான்.

நம் வீட்டுக்குள் இருக்கும் எதிரி

வீட்டில் படிக்க வைப்போம் என்று சொன்னால் உடனே என்ன கேட்கிறார்கள்? ‘தமிழ் சோறு போடுமா?’

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் மாதா மாதம் ஆஸ்ட்ரோவுக்குக் கட்டுகிறார்களே, அது சோறு போடுகிறதா? நடிகரின் படம் வெளிவரும் முதல் நாள் குடும்பத்தோடு டிக்கெட் எடுக்கிறோமே, அது சோறு போடுகிறதா? கணக்குக்கும் அறிவியலுக்கும் டியூசன் அனுப்புங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒரு கதைப் புத்தகத்துக்கு ஒதுக்கினால் எந்த ‘ஏ’ குறைந்துவிடப் போகிறது? கதை படிக்கிற பிள்ளைக்குக் கட்டுரை எழுத வரும். ஒரு மொழியில் யோசித்து எழுதப் பழகியவனுக்கு இன்னொரு மொழியிலும் கை ஓடும்.

அடுத்த சாக்கு: ‘எனக்கே தமிழ் சரியாகப் படிக்க வராது.’ வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை. தோட்டத்துப் பள்ளியில் ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பை வைத்து மாரடித்த காலத்தில் படித்தவர்கள் நாம். உங்களுக்குப் படிக்க வராவிட்டால் பிள்ளை படிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். பட்டறையிலிருந்து வந்து களைத்து உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு மகள் கதை வாசித்துக் காட்டினால், அதைவிட நல்ல வகுப்பு எந்த ஊரில் இருக்கிறது?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ‘தொல்காப்பியம் தெரியுமா, சிலப்பதிகாரம் தெரியுமா, செம்மொழி தெரியுமா’ என்று மேடையில் முழங்குவார்கள். சங்க இலக்கியத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அடுக்குமாடியில் வளர்ந்து, மலாய் கலந்த தமிழ் பேசும் பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் எடுத்தவுடன் உரை இல்லாமல் புரியாத பாட்டைக் கொடுத்தால் அது தமிழைக் கண்டாலே ஓடும். முதலில் தன் தெருவை, தன் லயத்தை, தன் பாட்டியை ஒரு புத்தகத்தில் பார்க்கட்டும். ‘அட, இது நம்ம கதை!’ என்று ஒரு முறை துள்ளிய பிள்ளை அப்புறம் தானே சிலப்பதிகாரத்துக்குப் போகும். திருக்குறளை மட்டும் நிறுத்தாதீர்கள். வாரம் ஒரு குறள், பொருளோடு, போதும்.

நம் இயக்கங்களையும் சங்கங்களையும் சும்மா விட முடியாது. நூல் வெளியீட்டு விழாவுக்குப் போயிருப்பீர்கள். அரசியல் தலைவர் வருவார், இரண்டு மணி நேரம் தாமதமாக. மாலை, பொன்னாடை, முதல் நூல், உறையில் பணம், படம் எடுத்தல். விழா முடிந்ததும் மீதிப் புத்தகங்கள் எழுத்தாளரின் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாகக் கரையானுக்குக் காத்திருக்கும். மாலை போட்ட தலைவர் அந்தப் புத்தகத்தின் பத்தாம் பக்கத்தைப் பார்த்திருப்பாரா? ஒரு நூலை வெளியிடுவதற்குச் செலவிடும் பணத்தில் பாதியைக் கொண்டு அதை இருபது பிள்ளைகளிடம் சேர்த்திருந்தால் எழுத்தாளரும் மகிழ்ந்திருப்பார்.

நம் பாட்டன்கள் இப்படி இருக்கவில்லை

தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு நூலகம் அமைய ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். பணம் கொடுத்தவர்களில் பெரிய முதலாளிகள் மட்டுமா இருந்தார்கள்? தோட்டத்தில் பால் வெட்டிய தொழிலாளர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. தன் பேரன் போவான் என்று கொடுத்தார்கள். நாம்தான் அந்தப் பேரன்கள்!

1950-இல் தமிழ் நேசன் நாளிதழ் ‘கதை வகுப்பு’ நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் பத்திரிகை வழியாகவே கதை எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி ஒரு தலைமுறை எழுத வந்தது. அந்தத் தமிழ் நேசன் 2019-இல் மூடப்பட்டது. வாங்கிப் படிக்க ஆள் குறைந்தால் எந்தப் பத்திரிகை நிற்கும்?

மேலும் ஒரு செய்தி. மலாயாவில் எழுதப்பட்ட முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917-இல் வந்துவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் தமிழில் நாவல் எழுதுகிறோம். ‘நம்மிடம் என்ன இருக்கிறது’ என்று கேட்கிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

ஐந்து ஆண்டுக்கு ஒரு பட்டியல்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் நான் இல்லை. எங்கள் அடுக்குமாடியில் ஆறு பிள்ளைகளை வைத்துச் சனிக்கிழமை மாலையில் நாங்கள் படித்துப் பார்த்ததை வைத்து ஒரு பட்டியல் தருகிறேன். இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாம் படிவம். புத்தகத்துக்கு முன்னால் பாட்டியிடம் போங்கள். தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி, பால் வெட்டும்போது பாடியது, கங்காணியைக் கிண்டல் செய்து பாடியது என்று எது நினைவில் இருக்கிறதோ அதைப் பிள்ளை கைப்பேசியில் பதிவு செய்து பிறகு தாளில் எழுதட்டும். அதுவே முதல் இலக்கியப் பாடம். பிறகு விறுவிறுப்பான கதைகள். கே. பாலமுருகன் சிறுவர்களுக்காக எழுதிய ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற மர்மக் கதைகளைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டு ஆறிப்போகிற அளவுக்குப் படித்தாள் என் மகள். இந்த ஆண்டில் நோக்கம் ஒன்றுதான்: பயம் போக வேண்டும்.

இரண்டாம் படிவம். சிறுகதைகள். சை. பீர்முகம்மது தொகுத்த ‘வேரும் வாழ்வும்’ மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளை ஒரே இடத்தில் கொண்டுவந்த தொகுப்பு. ஒரு கதை, ஒரு சனிக்கிழமை. பெண் எழுத்தாளர்களை விட்டுவிடாதீர்கள். ந. மகேசுவரி, பாவை, க. பாக்கியம், நிர்மலா ராகவன் ஆகியோரின் கதைகளைத் தேடிப் பிடியுங்கள். விடியற்காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு ஓடிய அம்மாக்களின் வாழ்க்கையை ஆண்கள் மட்டும் எழுதினால் போதுமா? கவிதைக்கு முரசு நெடுமாறனின் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ இருக்கிறது. 1997-இல் வந்தது. நூறு ஆண்டுக் கவிதைகளைத் தொகுத்த பெரிய நூல். விலைக்கு வாங்க முடியாவிட்டால் நூலகத்தில் இரவல் கேளுங்கள். இல்லை என்றால் வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பொது நூலகம் நம் வரிப்பணத்திலும் ஓடுகிறது.

மூன்றாம் படிவம். இந்த ஆண்டைச் சயாமுக்கு ஒதுக்குங்கள். 1942-43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அங்கே கொண்டுபோனார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் அடியிலும் பட்டினியிலும் பெரும் பகுதி அங்கேயே செத்தது. 1957-இல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி வந்த ஆங்கிலப் படத்தை உலகமே பார்த்தது. அது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. அந்தக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு? ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ நாவலும் அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச் சின்னம்’ நாவலும்தான் அவர்களுக்குக் கல்லறை. கோ. புண்ணியவானும் இதை எழுதியிருக்கிறார்.

இதை என் மகளிடம் கொடுத்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் என் தாத்தாவின் அண்ணன் ஒருவரைப் பற்றி ‘சயாமுக்குப் போனவர்’ என்று மட்டும் சொல்வார்கள். ஏதோ வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார் என்றே சின்ன வயதில் நான் நினைத்தேன். மகள் நாவலைப் பாதி படித்துவிட்டு என் அம்மாவிடம் போய், “பாட்டி, அவரை லோரியில ஏத்திக்கிட்டுப் போனாங்களா, அவரா போனாரா?” என்று கேட்டாள். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் மாமியார் சொன்னதையெல்லாம் சொன்னார். ஆள் பிடிக்க வந்த நாள், ஒளிந்துகொண்ட கக்கூசு, கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொட்டலம் எல்லாம் வந்தது. நாற்பத்தெட்டு வயதில் அன்றுதான் அதை நான் முதன்முதலாகக் கேட்டேன். என் அம்மா சொல்லாமல் வைத்திருக்கவில்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒரு புத்தகம் கேட்க வைத்தது.

நான்காம் படிவம். தோட்டம். இரண்டு நாவல்களை அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்று, தமிழ்நாட்டு எழுத்தாளர் அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டு எழுதிய ‘பால்மரக்காட்டினிலே’. மற்றது, இங்கேயே வாழ்ந்த எம். குமாரன் எழுதிய ‘செம்மண்ணும் நீல மலர்களும்’. வெளியிலிருந்து அன்போடு பார்த்தவர் எதைப் பார்த்தார், உள்ளே இருந்தவர் எதைப் பார்த்தார்? இதைப் பிள்ளைகளே பேசட்டும். பெரிய பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கே.எஸ். மணியம் 1981-இல் எழுதிய ‘தி ரிட்டர்ன்’ நாவலையும் கொடுங்கள். கெடாவில் பிறந்து வளர்ந்த நம்மவர். இந்த மண்ணில் சொந்தமாக ஒரு துண்டு நிலம், ஒரு வீடு வேண்டும் என்று ஏங்கும் குடும்பத்தின் கதை. வீடு உடைபட்ட அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆங்கிலமும் வளரும்!

ஐந்தாம் படிவம். தேர்வு ஆண்டு. சுமையைக் கூட்ட வேண்டாம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு நாவல். அவசரகாலத்தில் நம் மக்கள் இரு பக்கமும் மிதிபட்ட கதை வேண்டுமென்றால் அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’. சுதந்திர மலேசியாவிலேயே நம்மவர்கள் கொத்தடிமைகளாக அடைத்து வைக்கப்பட்ட கதை வேண்டுமென்றால் கோ. புண்ணியவானின் ‘செலாஞ்சார் அம்பாட்’.

எஸ்.பி.எம். முடிந்த பிறகு கடைசியாக ஒரு புத்தகம். அது இண்டர்லோக்.

ஆமாம், அதேதான். அதிர்ச்சி அடைய வேண்டாம். நாங்கள் எதிர்த்தது பள்ளியில், விளக்கம் சொல்ல ஆளில்லாமல், நம் பிள்ளைகளைக் கூனிக் குறுக வைக்கும் பாட நூலாக அதைத் திணித்ததை. நான்கு ஆண்டு நம் கதைகளைப் படித்த பதினேழு வயதுப் பிள்ளை அதைத் தலைநிமிர்ந்து படிக்கும். இது உண்மை, இது தவறு, இது தெரியாமல் எழுதியது, இது திமிரில் எழுதியது என்று பிரித்துச் சொல்லும். அதில் வரும் மணியத்தையும் தான் படித்த தோட்டத்து மனிதர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கும். படிக்காமல் எதிர்த்த என்னைவிட, படித்துவிட்டு எதிர்க்கிற என் மகள் பலசாலியாக இருப்பாள்.

அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது இன்னொரு கேள்வியையும் பிள்ளைகள் கேட்பார்கள். ‘அந்தச் சாதிப் பெயரைச் சொன்னதற்கு ஏன் இவ்வளவு கோபம்? அந்தச் சாதியில் பிறப்பது கேவலமா?’ மழுப்பாதீர்கள். ஒருவரின் பிறப்பை வசைச்சொல்லாக்கியது குற்றம். அந்தக் குற்றத்தை அடுத்தவன் மட்டுமா செய்தான்? தோட்டத்து லயத்தில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வைத்திருந்தது யார்? இன்றும் கல்யாணப் பேச்சில் முதலில் என்ன விசாரிக்கிறோம்? நம் எழுத்தாளர்கள் இதையும் எழுதியிருக்கிறார்கள். நம் பெருமைகளை மட்டும் பிள்ளைக்குக் கொடுத்து நம் அழுக்கை மறைத்தால், நாமும் ஒரு இண்டர்லோக்தான் எழுதுகிறோம்.

எப்படிச் செய்வது?

பெரிய ஏற்பாடு தேவையில்லை. எங்கள் அடுக்குமாடியில் பத்துக் குடும்பம் மாதம் ஐந்து வெள்ளி போடுகிறது. ஆண்டுக்கு அறுநூறு வெள்ளி. ஒரு புத்தகம் முப்பது வெள்ளி என்றாலும் இருபது புத்தகம் வருகிறது. ஒரு பழைய அலமாரியில் வைத்து நோட்டில் எழுதிக் கொடுத்து வாங்குகிறோம். இரண்டு மூன்று ஆண்டில் அது நம் குடியிருப்பின் நூலகம். எழுத்தாளர்களிடமே நேரில் கேட்டு வாங்குங்கள். கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி திறக்கும், அவருக்கும் நாலு காசு சேரும்.

காசு இல்லாத மாதத்தில் கைப்பேசி இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால நூல்கள் பலவற்றையும் இலவசமாகத் தருகிறது. சிங்கப்பூர் தேசிய நூலகம் அங்குள்ள தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை மின்வடிவில் வைத்திருக்கிறது. டிக்டாக் பார்க்கிற அதே திரைதான்.

படிக்கும் முறையும் எளிது. சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம். ஆளுக்கு இரண்டு பக்கம் சத்தமாகப் படிக்க வேண்டும். தப்பாகப் படித்தால் சிரிக்கக்கூடாது. முடிந்ததும் மூன்று கேள்விகள்: இதில் யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை? இது நம் வீட்டில் நடந்ததா? எழுத்தாளர் சொன்னதில் உனக்கு ஒத்துக்கொள்ள முடியாதது எது? மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் எழுத வேண்டும். புத்தகத்தின் சுருக்கம் வேண்டாம். தன் குடும்பத்தைப் பற்றி, தன் தாமானைப் பற்றி, பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றி எழுதட்டும். பட்டியலில் ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வரும் புத்தகம் அந்தப் பக்கங்களிலிருந்துதான் வர வேண்டும்.

கேட்க வேண்டியதையும் கேட்போம்

இப்படி வீட்டில் செய்வதால் அரசாங்கத்தின் கடமை தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினைந்து பேர் என்ற எண்ணிக்கையைக் காட்டிக் கதவை மூடுவதை நிறுத்த வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகளின் பிள்ளைகளைச் சேர்த்தாவது வகுப்பு நடத்தட்டும். தமிழ் வகுப்பைக் கால அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களை ஒவ்வொரு இடைநிலைப்பள்ளி நூலகத்திலும் வாங்கி வைக்க வேண்டும். மலாய் இலக்கியப் பாடத்திலும் நம் எழுத்தாளர்களின் நல்ல கதைகளை மொழிபெயர்த்துச் சேர்க்க வேண்டும். மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் நம்மைப் பற்றி நாமே எழுதியதைப் படிக்கட்டும். அப்போதுதான் இன்னொரு 2011 வராது.

அடுத்த ஜனவரிக்கு, அடுத்த தேர்தலுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள் பெற்றோர்களே. இந்தச் சனிக்கிழமை மாலை தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் அடையுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லையா? பரவாயில்லை. பாட்டியைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், யாரோடு வந்தீர்கள், யார் திரும்பி வரவில்லை என்று பிள்ளை கேட்கட்டும், எழுதட்டும்.

பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.